பயிற்சிக்குப் பிறகு அந்தப் பிள்ளையை யாரிடம் அனுப்புவது?

2025 ஜூலை 25ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பைப் பள்ளியில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நீட் தேர்வுக்குப் படித்துவந்த 17 வயது மாணவியின் மரணத்தைத் தொடர்ந்து அவருடைய தந்தை நடத்திய வழக்கில் வந்த தீர்ப்பு அது. பள்ளி, கல்லூரி, பயிற்சி மையம், விடுதி என எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும் 15 வழிகாட்டுதல்களை நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா ஆகியோர் அதில் வகுத்திருக்கிறார்கள். உரிய சட்டம் இயற்றப்படும் வரை அவை நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் என்றும் கூறியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று என் வேலையை நேரடியாகத் தொடுகிறது. ஆசிரியர்களும் ஆசிரியர் அல்லாத பணியாளர்களும் ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு முறை, தகுதி பெற்ற மனநல வல்லுநர்களிடமிருந்து, உளவியல் முதலுதவி, எச்சரிக்கை அறிகுறிகளை அறிதல், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையை எதிர்கொள்ளுதல், உரிய இடத்துக்கு அனுப்பிவைத்தல் ஆகியவற்றில் கட்டாயம் பயிற்சி பெற வேண்டும் என்கிறது அந்த வழிகாட்டுதல்.

தென்மாவட்டப் பள்ளிகளுக்குக் கருத்தாளராகச் சென்றுவரும் மனநலச் சமூகப் பணியாளர் நான். இந்த வரியைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் கவலையும் ஒன்றாகவே வந்தன. மகிழ்ச்சிக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கவலை வந்ததற்குக் காரணம், கட்டாயம் என்று அறிவிக்கப்பட்ட எந்தப் பயிற்சியும் நம் ஊரில் எந்த வடிவத்துக்குப் போய்ச்சேர்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்திருப்பதுதான். வட்டார வள மையத்தின் கூடத்தில் காலை 10 மணிக்கு வருகைப் பதிவேடு சுற்றிவருகிறது. கருத்தாளர் திரையில் படங்களை ஓட்டுகிறார். மனச்சோர்வின் அறிகுறிகள் ஒன்பது என்று எழுதிக்கொள்ளச் சொல்கிறார். மதிய உணவுக்குப் பிறகு குழுப் புகைப்படம் எடுக்கப்படுகிறது. மாலைக்குள் அது மேலிடத்துக்கு அனுப்பப்படுகிறது. மறுநாள் காலை பிரேயரில் ஒரு பெண் மயங்கி விழுந்தால், "சாப்பிடாமல் வந்திருப்பாள்" என்று தண்ணீர் தெளித்து உட்கார வைப்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அந்த ஆசிரியரிடம் அக்கறை இல்லை என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். அடுத்து என்ன செய்வது, யாரிடம் போவது என்ற வழியை முந்தைய நாளின் ஆறு மணி நேரத்தில் யாரும் அவருக்குக் காட்டவில்லை.

தேவை எவ்வளவு பெரியது என்பதற்கு இரண்டு கணக்குகளைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். 2015–16இல் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 7.3 விழுக்காட்டினருக்கு மனநலக் குறைபாடு ஏதேனும் ஒன்று இருந்தது. அந்த விகிதத்தில் பார்த்தால் 40 பேர் உட்கார்ந்திருக்கும் ஒன்பதாம் வகுப்பில் ஏறத்தாழ மூன்று பிள்ளைகள். அடுத்தது, அந்தத் தீர்ப்பே எடுத்துக்காட்டும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு: 2022இல் நாட்டில் தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் 13,044 பேர் மாணவர்கள்; தேர்வுத் தோல்வியே காரணம் என்று பதிவானவை 2,248. காவல்துறைக் கோப்பில் எழுதப்படும் காரணம் முழு உண்மையாக இருப்பதில்லை என்றாலும், தேர்வைத் தவிர வேறு துயரங்கள் ஏராளம் உண்டு என்பதை இந்த எண்கள் காட்டாமல் இல்லை. ஆனால் நம் பள்ளிகளில் மனநலம் பற்றிய பேச்சு பெரும்பாலும் பிப்ரவரியில் தொடங்கித் தேர்வு முடிவு வந்த வாரத்தோடு முடிந்துவிடுகிறது. குடிக்கும் தந்தை, வீட்டுக்குள்ளேயே நடக்கும் பாலியல் தொல்லை, சாதிப் பெயர் சொல்லி நடக்கும் கேலி, கைவிட்ட காதல், தாயின் மரணம் ஆகியவை ஆண்டு முழுவதும் வகுப்பறைக்குள் வந்துகொண்டிருக்கின்றன.

பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டால் பிள்ளைகள் காப்பாற்றப்பட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கையை ஆய்வாளர்கள் உலகின் பல இடங்களில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த முடிவுகளைக் கல்வித்துறையில் இருப்பவர்கள் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். ஐரோப்பாவின் 10 நாடுகளில் 168 பள்ளிகளையும் 11,000க்கு மேற்பட்ட மாணவர்களையும் கொண்டு நடந்த பெரும் ஆய்வு ஒன்றின் முடிவு 2015இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. அதில் ஒரு பகுதிப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்குத் தற்கொலை அபாயத்தை அறிந்து வழிகாட்டும் பயிற்சி தரப்பட்டது. இன்னொரு பகுதியில் மாணவர்களோடு நேரடியாகப் பேசி, நடித்து, விவாதிக்கும் நிகழ்ச்சி நடத்தப்பட்டது. ஓராண்டுக்குப் பிறகு தற்கொலை முயற்சிகளைக் குறைத்திருந்தது மாணவர்களோடு நேரடியாக நடத்திய நிகழ்ச்சிதான். ஆசிரியர் பயிற்சியால் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 25 மேல்நிலைப் பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு மனநல முதலுதவிப் பயிற்சி அளித்து, சக ஆசிரியர்களுக்குத் துணைநிற்கும் குழுக்களையும் அமைத்துப் பார்த்த ஆய்வு 2021இல் வெளியானது. அங்கும் ஆசிரியர்களின் நலனிலோ மாணவர்களின் நலனிலோ அளக்கத்தக்க முன்னேற்றம் இல்லை.

நமக்கு மிக அருகில் நடந்த ஆய்வைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோவாவைச் சேர்ந்த 'சங்கத்' அமைப்பு பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் 74 உயர்நிலைப் பள்ளிகளில் நடத்திய ஆய்வு அது. 2018இல் முடிவு வெளிவந்தது. பள்ளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பிரிவில், மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர் இளைஞர் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, அந்த வேலைக்கென்றே பள்ளியில் அமர்த்தினார்கள். இரண்டாம் பிரிவில், அதே வேலைகளை ஏற்கெனவே பாடம் நடத்திக்கொண்டிருந்த ஆசிரியர் ஒருவரிடம், பயிற்சி கொடுத்து, ஒப்படைத்தார்கள். மூன்றாம் பிரிவில் வழக்கமான வாழ்க்கைத்திறன் வகுப்புகள் மட்டும் நடந்தன. தனியாக அமர்த்தப்பட்டவர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வும் ஒருவரையொருவர் துன்புறுத்துவதும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியரிடம் கூடுதல் சுமையாக ஒப்படைத்த பள்ளிகளுக்கும் ஒன்றுமே கூடுதலாகச் செய்யாத பள்ளிகளுக்கும் வேறுபாடு காணப்படவில்லை.

இதைச் சொன்னவுடன், "அப்படியானால் எங்களுக்குப் பயிற்சியே வேண்டாம் அல்லவா?" என்று கேட்கும் தலைமையாசிரியர்கள் உண்டு. நான் அந்த முடிவுக்கு வரவில்லை. ஆசிரியரின் கண் எதையும் பார்க்காது என்று இந்த ஆய்வுகள் சொல்லவில்லை. பார்த்ததை எடுத்துச்செல்ல நேரமும் ஆளும் இடமும் இல்லாதபோது, எவ்வளவு நன்றாகப் பயிற்சி பெற்ற கண்ணாலும் பயன் விளையாது என்பதைத்தான் நான் இவற்றிலிருந்து படித்துக்கொள்கிறேன். பயிற்சியின் தரத்தை, கருத்தாளர் எவ்வளவு அழகாகப் பேசினார் என்பதை வைத்து அளக்கக் கூடாது. பயிற்சி முடிந்த மறுநாள் ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால் அந்தப் பள்ளியில் அடுத்தடுத்து என்ன நடக்கும் என்பதை வைத்து அளக்க வேண்டும்.

யாருக்குப் பயிற்சி தருவது என்பதிலும் நாம் சிந்திக்காமலே முடிவெடுத்துவிடுகிறோம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 32 பள்ளிகளில் நடந்து 2008இல் வெளியான ஆய்வொன்று, பயிற்சி பெற்ற எல்லாப் பணியாளர்களுக்கும் அறிவும் தன்னம்பிக்கையும் கூடியதாகக் கண்டது. ஆனால் மாணவர்களிடம் சென்று கேட்கும் பழக்கம் கூடியது, முன்பே பிள்ளைகளோடு இத்தகைய துயரங்களைப் பேசிவந்த சிறு பகுதியினரிடம்தான். பிள்ளைகள் யாரிடம் ஏற்கெனவே போகிறார்களோ அவர்களைக் கண்டுபிடித்து முதலில் பயிற்சி கொடுங்கள் என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அப்படிக் கண்டுபிடிப்பது கடினமும் இல்லை. பெயர் எழுதாத துண்டுச்சீட்டில், "உனக்கு ஒரு கஷ்டம் என்றால் இந்தப் பள்ளியில் யாரிடம் சொல்வாய்?" என்று எட்டாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை எழுதச் சொன்னால் ஒரு மணி நேரத்தில் விடை கிடைத்துவிடும்.

அந்தச் சீட்டுகளில் வரும் பெயர்கள் பல தலைமையாசிரியர்களை வியப்பில் ஆழ்த்துகின்றன. உடற்கல்வி ஆசிரியர் பெயர் அடிக்கடி வருகிறது. மைதானத்தில் பிள்ளை எப்படி ஓடுகிறாள், திடீரென்று ஏன் ஓட மறுக்கிறாள் என்பதை அவர்தான் முதலில் பார்க்கிறார். சத்துணவுக் கூடத்தில் பரிமாறும் அக்கா, காலை உணவு சமைக்க வரும் சுயஉதவிக் குழுப் பெண்கள், ஆய்வக உதவியாளர், தூய்மைப் பணியாளர், தனியார் பள்ளி என்றால் வேன் ஓட்டுநரும் உடன்வரும் ஆயாம்மாவும், விடுதி என்றால் காவலர் என்று பட்டியல் நீள்கிறது. மூன்று வாரமாக ஒரு பிள்ளை தட்டில் சோற்றை அளைந்துவிட்டுக் கொட்டிவிட்டுப் போகிறது என்பது எந்தப் பாட ஆசிரியருக்கும் தெரியாது, பரிமாறுகிறவருக்குத் தெரியும். இடைவேளை முடிந்தும் கழிப்பறைப் பக்கமே நின்றுகொண்டிருக்கும் பெண்ணைத் தூய்மைப் பணியாளர் பார்க்கிறார். வேனில் கடைசி நிறுத்தத்தில் இறங்க மறுத்து உட்கார்ந்திருக்கும் பையனை ஓட்டுநர் பார்க்கிறார். இவர்கள் பார்த்ததைச் சொல்வதற்குப் பள்ளியில் ஒரு நாற்காலி போடப்பட்டதே இல்லை. சொன்னாலும், "நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள்" என்ற பதில் வருமோ என்ற தயக்கம் அவர்களிடம் ஆழமாக இருக்கிறது. நீதிமன்றம் ஆசிரியர் அல்லாத பணியாளர்களைப் பெயர் சொல்லிச் சேர்த்திருப்பதை நான் மிகப் பெரிய விஷயமாக மதிப்பது இதனால்தான்.

அவர்களுக்கான பயிற்சி அவர்களுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பாத்திரம் கழுவி முடித்த பிறகுதான் சத்துணவுப் பணியாளர்களால் உட்கார முடியும். எனவே அவர்களுக்கான நேரம் பிற்பகலில்தான் அமைய வேண்டும். படிக்கத் தடுமாறும் ஒருவருக்கு அச்சடித்த கையேடு உதவாது. கண்ட காட்சியைச் சொல்லச் சொல்லி, அதில் எது கவனிக்க வேண்டியது என்று சேர்ந்து பேசினால், ஆசிரியர்களுக்கு நடக்கும் வகுப்பைவிட அது பல நேரங்களில் ஆழமாகிவிடுகிறது. அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இரண்டே காரியங்கள்: பார்த்ததை அன்றைக்கே குறிப்பிட்ட ஒருவரிடம் சொல்லுங்கள், வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். சிற்றூரில் ஒரு பிள்ளையைப் பற்றிய பேச்சு பள்ளி வாசலைத் தாண்டினால் அது அந்தக் குடும்பத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை.

எதைக் கற்றுக்கொடுப்பது என்பதற்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு பார், கேள், இணை என்ற மூன்று செயல்களில் எல்லாவற்றையும் அடக்குகிறது. நம் பயிற்சிகள் முதல் செயலிலேயே முழு நாளையும் செலவழித்துவிடுகின்றன. அறிகுறிகளைக் கற்பது எளிது. அதுவரை பேசிச் சிரித்த பிள்ளை ஒதுங்குவது, மருத்துவர் பார்த்தும் காரணம் தெரியாத வயிற்றுவலியும் தலைவலியும் திங்கட்கிழமைதோறும் வருவது, சித்திரை வெயிலிலும் முழுக்கையை இறக்கிவிட்டுக்கொள்வது, தனக்குப் பிடித்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைக்கும் வரிகள் என்று ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடலாம். தொந்தரவு கொடுக்கும் பையன்களையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அழும் பெண்ணுக்குக் கிடைக்கும் இரக்கம் மேசையை உதைக்கும் பையனுக்குக் கிடைப்பதில்லை, அவனுக்கு மாற்றுச் சான்றிதழ்தான் கிடைக்கிறது.

கேட்பதுதான் கடினம், அதற்குத்தான் நாளின் பெரும்பகுதியை ஒதுக்க வேண்டும். இருவர் இருவராக உட்கார வைத்து, ஒருவரை மாணவராகவும் மற்றவரை ஆசிரியராகவும் பேசச் சொன்னால், முதல் ஒரு நிமிடத்துக்குள்ளேயே அறிவுரை தொடங்கிவிடும். "இதுக்குப் போயா அழுவுறே?", "உங்கம்மா எவ்வளவு கஷ்டப்பட்டு உன்னைப் படிக்கவைக்கிறாங்க, அதை நினைச்சுப் பார்த்தியா?", "படிப்புல கவனத்தைத் திருப்பு, எல்லாம் சரியாயிடும்." மூன்றுமே அன்பிலிருந்து வருபவைதாம். ஆனால் தன்னால் அம்மாவுக்குப் பாரம் என்று ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் மேல் இரண்டாவது வாக்கியம் எவ்வாறு இறங்கும் என்பதை, மாணவராக நடித்த ஆசிரியரே தன் வாயால் சொல்லும்போதுதான் அந்த அறை அமைதியாகிறது. அதன் பிறகு நாங்கள் வேறு சொற்களைப் பழகுகிறோம். "கொஞ்ச நாளா நீ முன்ன மாதிரி இல்லைன்னு எனக்குத் தோணுது. பேசணும்னா நான் இருக்கேன்" என்று தொடங்கலாம். பிள்ளை பேசாமல் இருந்தால் அந்த மௌனத்தை நிரப்பாமல் பொறுத்திருக்கலாம். சொன்னதைத் திருப்பிச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டோமா என்று கேட்கலாம். பேசும் இடம் கூட முக்கியம்: ஆசிரியர் அறையில் பத்துப் பேர் நோட்டுத் திருத்திக்கொண்டிருக்கும்போது எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது, மரத்தடியில், பிறர் பார்வையில் படும்படியாகவும் காதில் விழாதபடியாகவும் உள்ள ஓரிடம் போதும்.

சாவதைப் பற்றி நேராகக் கேட்கும் கேள்விதான் எல்லோரையும் பின்வாங்க வைக்கிறது. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் படித்தவர்களிடமும் வலுவாக இருக்கிறது. நியூயார்க் மாநிலப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வு இந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று காட்டியது. தற்கொலை பற்றிய கேள்விகள் கேட்கப்பட்டவர்களுக்கு, கேட்கப்படாதவர்களைவிடக் கூடுதல் துயரமோ எண்ணமோ வரவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்கு அந்தக் கேள்வி சற்று ஆறுதலாகவே இருந்தது. எனவே பயிற்சியில் ஒவ்வொருவரையும் அந்தக் கேள்வியை வாய்விட்டுச் சொல்லிப் பழக வைக்கிறேன்: "இவ்வளவு வலியில இருக்கும்போது, செத்துப்போயிடலாம்னு உனக்குத் தோணியிருக்காம்மா?" முதல் முறை பலருக்குக் குரல் எழும்பாது. சில முறை சொன்ன பிறகு, இயல்பான குரலில் வரும். பிள்ளை ஆம் என்று சொன்னால் அதிர்ச்சியைக் காட்டாமல், சொன்னதற்கு நன்றி கூறி, அந்த நேரம் முதல் பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் வந்து சேரும் வரை தனியே விடாமல் உடனிருக்க வேண்டும். காவல்துறை வழக்காகிவிடுமோ என்ற பயத்தில் மறைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் அதே பிரிவு கூறுகிறது.

"யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்துகொடுக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும். பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி தெரிந்தவர் எவரும் காவல்துறையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்; தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. "உன்னைக் காப்பாற்றத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன், சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்வேன்" என்பதே நேர்மையான வாக்குறுதி. அந்த வாக்குறுதி எவ்வளவு எடை உடையது என்பதை நாங்குநேரி நமக்குக் கற்றுத்தந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில், பள்ளியில் தனக்கு நேர்ந்த சாதித் துன்புறுத்தலைப் பற்றிப் புகார் தெரிவித்த பட்டியல் சமூக மாணவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த அவருடைய தங்கையும் வெட்டுப்பட்டார். ஒரு பிள்ளை வாய் திறந்த பிறகு, அவர் அன்று வீட்டுக்கு எப்படிப் போவார், இரவு யார் உடனிருப்பார், செய்தி யார் யாருக்குத் தெரியும் என்று அந்த மணி நேரத்திலேயே யோசிப்பதும் பயிற்சியின் பகுதியாக வேண்டும். தென்மாவட்டங்களில் சாதியைப் பேசாமல் நடத்தும் மனநலப் பயிற்சியை நான் முழுமையான பயிற்சியாக ஏற்பதில்லை.

பள்ளியே துயரத்தின் காரணமாக இருக்கும் இடங்களையும் மறைக்காமல் பேச வேண்டும். மதிப்பெண் குறைந்தவர்களை எழுப்பி நிறுத்துவது, விடைத்தாளை வகுப்பில் உரக்கப் படிப்பது, "நீயெல்லாம் எதுக்கு ஸ்கூலுக்கு வர்றே?" என்ற கேள்வி, மாதவிடாய்க் கறையைக் கண்டு முகம் சுளிப்பது ஆகியவற்றுக்கு எந்த அறிகுறிப் பட்டியலும் மருந்தாகாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் 2009லேயே தடைசெய்திருக்கிறது. தமிழ்நாடு 2017இல் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் அறிவிக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. ஆயினும் பல பள்ளிகளின் சுற்றுச்சுவரில் இன்னும் மதிப்பெண் பேனர்கள் தொங்குகின்றன. மதிப்பெண்ணை வைத்து ஏ பிரிவு, பி பிரிவு என்று பிள்ளைகளைப் பிரிப்பதும் நடக்கிறது. அவ்வாறு பிரிப்பதையும் பலர் முன்னிலையில் அவமானப்படுத்துவதையும் தவிர்க்கச் சொல்லும் வழிகாட்டுதலும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

பெற்றோரிடம் பேசும் முறைக்குத் தனியாக ஓர் அமர்வு வேண்டும். "உங்கள் பிள்ளைக்கு மனநலப் பிரச்சினை" என்று தொடங்கினால், மறுநாளே பிள்ளையை வேப்பிலை அடிக்கக் கூட்டிச்செல்பவர்கள் உண்டு. படிப்பை நிறுத்தித் திருமணப் பேச்சைத் தொடங்குபவர்களும் உண்டு. பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும்: "மூன்று வாரமாக மதியம் சாப்பிடுவதில்லை, யாரோடும் சேர்வதில்லை, வீட்டில் எப்படி இருக்கிறாள்?" வீடே ஆபத்தின் இடம் என்று தெரிந்தால் பெற்றோரை அழைப்பதற்கு முன் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் குழந்தைகள் நலக் குழுவும் இதற்காகவே இருக்கின்றன.

இனி, இணைப்பது. பயிற்சிக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் தலைமையாசிரியரிடம் நான் கேட்பது ஒரே ஒரு தாள். பள்ளியில் இதற்குப் பொறுப்பான ஆண் ஒருவர், பெண் ஒருவர், அவர்கள் விடுப்பில் இருந்தால் யார், அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் புறநோயாளர் பிரிவு எந்தெந்தக் கிழமைகளில் நடக்கிறது, அங்கே பேச வேண்டியவர் யார், இரவில் யாரை அழைப்பது என்பவை அதில் இருக்க வேண்டும். இரவும் பகலும் தமிழில் பேசக்கூடிய தேசிய மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. அது 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண் 104, பள்ளிக்கல்வி உதவி எண் 14417. இந்தத் தாளை நிரப்பும் முயற்சியிலேயே பள்ளி பாதிப் பயிற்சியைப் பெற்றுவிடுகிறது. மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, கிழமையைக் கேட்டு, ஒருவரின் பெயரைத் தெரிந்துகொள்ளும் தலைமையாசிரியர், பிறகு ஒரு பிள்ளையை அனுப்பத் தயங்குவதில்லை.

நூறு மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்றும், அதற்குக் குறைந்தவை வெளியில் உள்ள வல்லுநர்களோடு முறையான இணைப்பை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்றும் தீர்ப்பு சொல்கிறது. நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவும் 2024இல் அளித்த அறிக்கையில், பெரிய பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் என்ற பணியிடத்தைப் பரிந்துரைத்தது. நாளந்தாவில் வேலை செய்தவர்கள் பட்டம் பெற்ற உளவியலர்கள் அல்லர் என்பதை இங்கே மீண்டும் நினைக்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்ற காரணத்தைச் சொல்லி இந்தப் பணியிடங்களைத் தள்ளிப்போடத் தேவையில்லை. உளவியலோ சமூகப்பணியோ படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். நாளந்தா பள்ளிகளில், பிள்ளைகள் தம் குறைகளை எழுதிப்போட வைக்கப்பட்ட பேசும் பெட்டியைப் போலவே நம்மிடமும் 'மாணவர் மனசு' பெட்டிகள் இருக்கின்றன. அவற்றைத் திறந்து, படித்து, பதில் நடவடிக்கை எடுக்க நேரம் உடைய ஒருவர்தான் பல பள்ளிகளில் இல்லை.

ஆசிரியர்களின் மனநிலையைப் பற்றி ஒரு சொல் பேசாமல் பிள்ளைகளின் மனநலத்தை அவர்கள் கையில் ஒப்படைப்பது நியாயம் ஆகாது. கல்வித்துறையின் எமிஸ் இணையதளப் பதிவுகள், தேர்தல் பணி, தேர்ச்சி விழுக்காட்டுக்கான விளக்கக் கடிதம் என்று அவர்கள் மேல் வந்து விழுபவை ஏராளம். பயிற்சியின் இடைவேளையில் என்னிடம் தனியாக வந்து பேசுபவர்களில் பெரும்பாலோர் தம் வகுப்புப் பிள்ளையைப் பற்றிப் பேசத் தொடங்கி, தம்மைப் பற்றிப் பேசி முடிக்கிறார்கள். தமது மாணவர் ஒருவரை இழந்த ஆசிரியர் அடுத்த நாளே அதே வகுப்பில் வருகைப் பதிவேட்டைத் திறக்க வேண்டியிருக்கிறது. அவருக்கு யார் ஆறுதல் சொன்னார்கள் என்று எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. அத்தகைய இழப்பு நேர்ந்த பள்ளியில் முதல் வாரம் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். எப்படி இறந்தார் என்ற விவரத்தைப் பேசாமல், இறந்தவரை நாயகராக்காமலும் குற்றவாளியாக்காமலும், நெருங்கிய நண்பர்களைப் பெயர் பெயராகக் கவனித்து, வகுப்பு வகுப்பாகச் சிறு குழுக்களில் செய்தியைச் சொல்ல வேண்டும்.

ஆண்டுக்கு இரண்டு முறை என்ற விதியை நான் ஒரே பாடத்தை இரண்டு முறை நடத்துவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாவது முறை திரையும் படங்களும் வேண்டாம். இடைப்பட்ட மாதங்களில் யார் யார் கண்ணில் பட்டார்கள், யாரிடம் பேசினோம், யாரை எங்கே அனுப்பினோம், அனுப்பிய இடத்தில் என்ன நடந்தது, எங்கே அறுந்துபோனது என்று பெயர் சொல்லாமல் பேசினால் போதும். மருத்துவமனையில் நான்கு மணி நேரம் வரிசையில் நிற்க வைத்துத் திருப்பி அனுப்பினார்கள் என்பது தெரிந்தால், அடுத்த வேலை அந்த மருத்துவமனையோடு பேசுவது என்பது தெளிவாகிறது. அதற்கு மருத்துவமனையிலிருந்தும் ஒருவர் அந்த அமர்வில் இருக்க வேண்டும்.

ஆலோசகர் பணியிடம் உருவாகும் வரை பள்ளிகள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. துண்டுச்சீட்டில் அதிகம் பெயர் வந்த ஆசிரியர்களில் இருவருக்கு, வாரத்தில் இரண்டு பாடவேளைகளையாவது வேறு எந்த வேலைக்கும் எடுத்துக்கொள்ளாமல் பிள்ளைகளோடு பேசுவதற்கென்றே ஒதுக்கித்தர வேண்டும். அந்தப் பாடவேளைகளைப் பதிலி வகுப்புக்கு அனுப்பக் கூடாது, பதிவேற்ற வேலைக்கும் தரக் கூடாது. ஜூன் முதல் வாரத்தில் கால அட்டவணை போடும்போதே அவற்றை எழுதிவிட வேண்டும். காலாண்டுத் தேர்வு நெருங்கிய பிறகு தேடினால் எந்தப் பள்ளியிலும் அந்த நேரம் கிடைப்பதில்லை.